நாற்பத்தோரு நிமிட யோசனை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பெயர் புல்லட். செஸ் கிளப்பில் ஆமை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால், எதிர்முனையில் அழுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் எந்த வண்டி, எந்தத் தெரு, எந்த ஆஸ்பத்திரி என்று முடிவெடுத்து வண்டியைக் கிளப்பிவிடுவாள். அதே ஆள் பலகை முன்னால் உட்கார்ந்தால் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ள இருபது நிமிடம். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைக் கடிகாரத்திடம் கோட்டைவிட்டே பதினொரு வருடம் ஓடிவிட்டது. மாஸ்டர் பட்டம் நான்கு முறை அரைப் புள்ளியில் கைநழுவியது.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். குதிரை கோணலாகப் போகும் என்பது வரை அவருக்கு செஸ் தெரியும். வேலையில் அத்தனை வேகம், இங்கே ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். அங்கே யோசிக்க நேரம் கிடையாது, இங்கே இரண்டு மணி நேரம் சும்மா கொடுக்கிறார்கள், அதை வீணாக்கலாமா என்றாளாம்.

அந்த வருடப் பெரிய போட்டியின் கடைசிச் சுற்றில் அவளுக்கு வாய்த்தவன் ஒரு கிராண்ட்மாஸ்டர். இருபத்தாறு வயது. அவளோ நாற்பத்து நான்கு. டிரா செய்தாலே பட்டம் நிச்சயம். ஓட்டலின் கீழ்த்தளத்தில், ஏசி முனகிக்கொண்டிருந்த கூடத்தில், நண்பகல் பன்னிரண்டுக்கு ஆட்டம் தொடங்கியது. நாற்பது நகர்வுகளை ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கணவர் கேன்டீன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருபத்திரண்டாவது நகர்வில் அவளுக்கு ஆசை வந்தது. யானையைக் கொடுத்து அவன் ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாயைப் பிடுங்கினால், பின்னாலேயே ராணியும் குதிரையும் பாயும். பார்க்கப் பார்க்க அழகு. கணக்குப் போட ஆரம்பித்தாள். ஒரு வழியில் அவன் காலி. இன்னொரு வழியிலும் காலி. மூன்றாவது வழியில் மட்டும் அவனுடைய குதிரை ஒரே ஒரு கட்டம் பின்வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. அந்தக் குதிரையை நகரவிடாமல் செய்ய முடியுமா என்று தலைகீழாக நின்று பார்த்தாள். முடியவில்லை. நிமிர்ந்தபோது நாற்பத்தோரு நிமிடம் போயிருந்தது.

வெட்கமாக இருந்தது. இத்தனை நேரம் உட்கார்ந்துவிட்டு என்னத்தை நகர்த்துவது? ராஜாவை ஒரு கட்டம் ஓரமாகத் தள்ளி வைத்துக் கடிகாரத்தை அமுக்கினாள்.

கிராண்ட்மாஸ்டர் அந்த ராஜாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நாற்பத்தோரு நிமிடம் யோசித்து ஒருத்தி இதைச் செய்கிறாள் என்றால் சும்மாவா? எங்கேயோ பொறி இருக்கிறது என்று தேடத் தொடங்கினான். இல்லாததைத் தேடினால் சீக்கிரம் கிடைக்குமா? ஐம்பத்தைந்து நிமிடம் தேடிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நல்ல இடத்தில் நின்ற குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அதோடு ஓரத்துச் சிப்பாய் ஒன்று ஆதரவில்லாமல் போனது.

முப்பத்தோராவது நகர்வுக்கு வந்தபோது அவனுக்கு நான்கு நிமிடம் மிச்சம். அவளுக்கு ஒன்பது. நகர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"டிரா பண்ணிக்கலாமாக்கா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டம் கையில். மறுத்துத் தோற்றால் ஐந்தாவது முறையாகக் கோவிந்தா. பலகையைப் பார்த்தாள். அனாதைச் சிப்பாய் அங்கேயே நின்றது. அவன் பலகையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கிராண்ட்மாஸ்டர் தன்னைப் பார்த்துப் பயப்படுவதை அவள் அதுவரை கண்டதில்லை. எட்டே நொடி. பேசாமல் யானையைத் தூக்கிச் சிப்பாய்க்கு நேராக வைத்தாள்.

சிப்பாய் விழுந்தது. ஆனால் நாற்பது நகர்வுகள் முடிந்து கூடுதல் நேரம் கிடைத்ததும் அவன் சுதாரித்துக்கொண்டான். யானைக்கு யானை, நான்கு சிப்பாய்க்கு மூன்று என்று இழுத்தடித்தார்கள். அறுபத்தெட்டாவது நகர்வில் வெற்றி இருந்ததைப் பின்னால் கம்ப்யூட்டர் சொன்னது. அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. எண்பத்தேழாவது நகர்வில் இரண்டு ராஜாக்கள் மட்டும் வெறும் பலகையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். டிரா.

கையெழுத்துப் போட்ட கையோடு அவன் கேட்டான்.

"அந்த ராஜா நகர்வுக்கு அவ்வளவு நேரம் யோசிச்சீங்களே, அதுல என்னக்கா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. யானைய குடுக்கலாமான்னு பாத்தேன், சரிவரலை. வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

 அவன் தன் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, அதை அவரிடமும் ஒருமுறை சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

கேன்டீனில் ஆறாவது காபியோடு இருந்த கணவர், அவள் நடந்ததைச் சொன்னதும், மூன்றே முக்காலுக்கே அந்தப் பையன் கொடுக்க வந்ததும் இதே டிராதானே என்று விசாரித்தார். இதேதான் என்றாள்.

"அப்ப வாங்கியிருந்தா பட்டம் மட்டும்தாங்க வந்திருக்கும்" என்றாள். "இப்ப ஆசைதீர ஆடியாச்சு, எனக்கு நல்லாப் பசிக்குது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் சாப்பாடு சொல்லிவிட்டு வந்தார். என்ன சாப்பாடு என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டால் விடிந்துவிடும்.