லேசா புடிக்குண்ணே

ஜிம் சுவரில் ஆணியில் தொங்கிய அட்டையில், அவன் பெயருக்கு நேரே நான் எழுதியது இவ்வளவுதான்: வலி இல்லை, எடை கூட்டலாம். கையெழுத்து அன்றைக்கென்று பார்த்து அழகாக விழுந்திருந்தது.

மொபைல் போனில் கேமரா வந்த புதிது. வளைகுடாவிலேயே, அல் குசைஸில் பிறந்து வளர்ந்த நான், விளையாட்டு அறிவியல் படிப்பின் கடைசி வருடத்தில், ஷார்ஜாவில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியிடம் இன்டர்ன்ஷிப் போனேன். வீரர்களுக்கு உடல் வலுவேற்றும் வேலை என்று பெயர். டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் நின்று போய் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். பிறகு பெஞ்ச் துடைப்பது, தண்ணீர் நிரப்புவது, யார் எத்தனை கிலோ தூக்கினார்கள் என்று எழுதுவது. பயிற்சியாளர் எகிப்துக்காரர். 'யல்லா', கிளம்புங்கள் என்று தொடங்கி 'கலாஸ்', முடிந்தது என்று முடிப்பார்; நடுவில் வேறு பேச்சு கிடையாது. அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வந்தால்தான் எனக்குப் பட்டம்.

அவன் அணியின் வலது விங்கர், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பையன். ஷார்ஜாவில் நர்ஸாக இருந்த அவன் அம்மா, அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஊரிலிருந்து வரவழைத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். அணியில் இருக்கும்வரை அவனுக்குக் கட்டணம் இல்லை. அணி போனால் படிப்பும் போகும், விசாவும் போகும். ஆங்கிலம் தடுமாறியதால் அவனை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். என் தமிழோ வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தாண்டாத தமிழ். அது யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை.

அன்று எடை மாட்டிய இரும்புப் பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்தவனிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"லேசா புடிக்குண்ணே" என்றான்.

எங்கள் வீட்டில் சாம்பார் பிடிக்கும், பாட்டு பிடிக்கும். இந்த ஸ்குவாட் பயிற்சி யாருக்குமே பிடிக்காது; இவனுக்கு லேசாகவாவது பிடிக்கிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். "போகப் போக நல்லாவே பிடிக்கும்" என்று சொல்லி, இரண்டு பக்கமும் இன்னொரு பிளேட் ஏற்றினேன். அவன் என்னை ஒரு நொடி பார்த்தான். பிறகு பாரின் அடியில் போய் நின்றான்.

மறுநாள் மைதானத்தில் ஓடும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். தசை கிழிந்துவிட்டது. பயிற்சியாளர் அட்டையைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "ஐ டோல்ட்" என்றான் அவன். வலி என்று சொல்லவே இல்லை என்றேன் நான். அப்போது எனக்கு அதுதான் உண்மை. வலியை மறைத்து ஆடுகிறவன் வேண்டாம் என்று அவர் முடித்துவிட்டார்.

பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். டியூட்டி முடிந்த அம்மா சீருடைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "புடிக்குன்னு ஒங்கிட்ட சொன்னதா சொல்லுதான். ஒனக்குக் கேக்கலையாப்பா?"

"கேட்டுச்சு ஆன்ட்டி. பிடிச்சா நல்லதுதானே?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "சதை இழுத்துப் புடிக்கதைல்லா சொல்லிருக்கான்."

கட்டிலில் இருந்து அவன் சொன்னான்: "அண்ணன் தெரிஞ்சுதான் ஏத்துதாருன்னு நெனச்சேன்."

அன்றே பயிற்சியாளரிடம் போயிருக்க வேண்டும். சான்றிதழுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் வாயைத் திறக்காமல் பெஞ்ச் துடைத்தேன். கையெழுத்து விழுந்த பிறகுதான் சொன்னேன். அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்தாயிற்று, முன்பே சொல்லியிருந்தால், என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் எழுந்து போய்விட்டார். இப்போது தோஹாவில் இதே வேலைதான் பார்க்கிறேன். யார் என்ன சொன்னாலும் நம்பாமல், எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். கவனமான ஆள் என்று பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது, என் மேலேயே.

அவன் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து, ஷார்ஜா பஸ் நிறுத்தத்தில் அவன் அம்மா எதிரே வந்துவிட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆறிவிட்டது, அப்பாவோடு கடலுக்குப் போகிறான் என்றார்.

"நேத்து போன்ல பேசுனான். அண்ணனுக்கு சர்டிபிகேட் கெடச்சாச்சான்னு கேட்டாம்பா."

கிடைத்துவிட்டது என்றேன்.