நீலாவதியின் ஏழு சனிக்கிழமைகள்

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும், நீலாவதி புருஷனோடு குடித்தனம் செய்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம் தேறாது. பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தாலி கட்டிய மூன்றாம் மாதமே குழந்தைவேலு கொத்தனார் வேலைக்கென்று அந்தமானுக்குக் கப்பலேறிவிட்டான். நடுவில் ஒரே ஒரு தடவை, ஐம்பத்தாறில், வந்து நாற்பது நாள் இருந்தான். அப்போது தங்கிய கரு மறுவருஷம் பெண்ணாகப் பிறந்து, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. கடிதம் எழுதிப் போட்டார்கள். மணியார்டர் வந்தது, ஆள் வரவில்லை. கப்பல் கிடைக்கவில்லை என்று இரண்டே வரி எழுதியிருந்தான்.

பிறகு மாமியாரும் இறந்தாள். நீலாவதி அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் பாய் போட்டுக்கொண்டு, அண்ணியின் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டுக் காலத்தை ஓட்டினாள். அறுபத்தொன்று ஐப்பசியில்தான் அந்தக் கடிதம் வந்தது. "இங்கே மழை விட்டதும் புறப்பட்டு வா. இனிமேல் சேர்ந்து இருப்போம்." அண்ணி வாய்விட்டு, "அப்பாடா" என்றாள்.

டிசம்பர் முதல் வாரம் அந்தமானில் சாத்தம் கப்பல்துறையில் இறங்கியபோது குழந்தைவேலு வெள்ளைச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. ட்ரங்குப் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாந்தி எடுத்தியா?" என்று கேட்டான். நாலு நாளும் எடுத்தேன் என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

வீடு ஜங்லிகாட்டில், மேட்டுச் சரிவில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு அறை, ஒரு சமையல் சாய்ப்பு. மண் அடுப்பு நேர்த்தியாகப் போடப்பட்டிருந்தது. ஒற்றை ஆம்பளை வீடு இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் கிளாரா இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, புருஷன் செபஸ்தியான் மீன்பிடிப் படகில் போகிறவன். முதல் நாளே ஒரு சட்டி மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, நீலாவதியை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல நின்றாள். "வாங்க மதினி, நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஊரில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் மழை. குளிர்காலம் என்று அவர்கள் சொல்வது மழை விட்டு, கடல் படுத்து, துணி காய்கிற நாட்களைத்தான். விடியற்காலம் லேசாகச் சிலுசிலுக்கும். சூரியன் அவசரக்காரன், மாலை ஐந்து மணிக்கெல்லாம் போய்விடுவான். சனிக்கிழமை குழந்தைவேலுவுக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வந்து குளித்துவிட்டு, "சலோ, கிளம்பு" என்பான். 

முதல் சனிக்கிழமை நீலாவதிக்குக் கால் பின்னியது. புருஷனோடு தெருவில் நடந்து பழக்கமில்லை, பத்தடி பின்னாலேயே போனாள். அவன் நின்று, "பக்கத்துல வா. இங்க யாரு பாக்கப்போறா, எல்லாரும் மெயின்லேண்டை விட்டு வந்தவுகதான்" என்றான். ஏற்றமும் இறக்கமுமான சாலையில் இருவரும் அபர்தீன் பஜார்வரை நடந்தார்கள். கண்ணாடி கிளாஸில் டீ, பொட்டலத்தில் சுடச்சுடப் பக்கோடா. மணிக்கூண்டைத் தாண்டிக் கடலோரச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். எதிரே ராஸ் தீவு கறுத்துக் கிடந்தது. வங்காளிகள், மலையாளிகள், தெலுங்கர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு காற்று வாங்க வந்திருந்தார்கள். மூன்றாம் வாரம் இந்திச் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். ஒரு வார்த்தை புரியவில்லை. அவன் காதோடு காதாகக் கதை சொல்லிக்கொண்டே வந்தான். அவன் மூச்சு கன்னத்தில் பட்டதுதான் அவள் மனசில் நின்றது, கதை நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனே சமைப்பான். காலையில் மீன் சந்தைக்குப் போய்க் கொடுவாவோ நண்டோ வாங்கி வருவான். கடுகை ஊறவைத்துப் பச்சைமிளகாயோடு அம்மியில் அரைப்பான். கடுகெண்ணெயைப் புகைய வைத்து மீனைப் போடும்போது கண்ணெல்லாம் எரியும்.

"ஆம்பளை இப்படிச் சமைச்சு நான் பாத்ததில்ல. யாருகிட்டக் கத்துக்கிட்டீக?"

"கேம்ப்புல ஒரு வங்காளி இருந்தாரு" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவளுக்கு அந்தக் காரமும் நெடியும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரம் நாக்கு பழகிவிட்டது. பொங்கலன்று அவள் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள், அவன் நண்டு வறுத்தான். கிளாரா கேலி செய்தாள். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். இருபத்தொன்பது வயதில் நீலாவதிக்கு இப்படியும் ஒரு வாழ்க்கை உண்டு என்று தெரிந்தது. தெரிந்ததும் பயம் வந்தது. அண்ணிக்குக் கடிதம் எழுதலாமென்று நினைத்து, கண்பட்டுவிடும் என்று எழுதாமல் விட்டாள்.

இப்படி ஏழு சனிக்கிழமை போயின.

ஏழாவதற்கு மறுநாள் அவன் பாயசம் வைத்தான். அதைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, "டெய்ரி ஃபார்ம்ல தெரிஞ்சவுக வீடு இருக்கு, சாயங்காலம் போயிட்டு வரலாம்" என்றான். வழியெல்லாம் தரையைப் பார்த்தே நடந்தான். கால் வலிக்கிறதோ என்றுகூட அவள் கேட்டாள்.

அந்த வீட்டில் வயதான வங்காளி அம்மாள் ஒருத்தி இருந்தாள். "ஆயியே பஹன், ஆயியே" என்று நீலாவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று புரிவதற்குள் உள்ளேயிருந்து நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடிவந்து, "பாபா!" என்று குழந்தைவேலுவின் காலைக் கட்டிக்கொண்டது.

அந்த ஒரு வார்த்தைக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தையின் நெற்றி அவன் நெற்றி. நடுவில் மேடிட்ட மூக்கும் அவன் மூக்கு. நீலாவதி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. அவன்தான் பேசினான். குழந்தையின் தாய்க்குப் பீணாபாணி என்று பெயர். அகதியாக வந்த குடும்பத்துப் பெண். போன ஆகஸ்டில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். குழந்தை பெயர் ஷெபாலி. இதுவரை மாஷி, அந்த வங்காளி அம்மாள்தான், பார்த்துக்கொண்டாள், இனி அவள் மாயாபந்தரில் மகனோடு இருக்கப் போகிறாள்.

"புள்ளை எப்பப் பொறந்துச்சு?"

"அம்பத்தேழு. கார்த்திகை."

நீலாவதி நடந்துகொண்டே மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். தன் பிள்ளை அந்த வருஷம் வைகாசியில் செத்தது. கப்பல் கிடைக்கவில்லை என்று அவன் எழுதியபோது இந்தப் பிள்ளை பீணாபாணி வயிற்றில்.

"ஆகஸ்ட்ல அவ செத்தா. ஐப்பசில எனக்குக் கடுதாசி. அப்ப என்னைய வரச் சொன்னது இதுக்குத்தானா?"

அவன் காலித் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டான்.

"சினிமாவும் பக்கோடாவும் இதுக்குத்தானா? மீனு வறுத்துப் போட்டதும் இதுக்குத்தானா?"

"அப்படியில்ல நீலா. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உன் மனசு கொஞ்சம் ஒட்டட்டும்னு பாத்தேன்."

"அந்த அடுப்பு அவ போட்டதா?"

"ஆமா."

வீட்டுக்கு வந்ததும் கிளாராவிடம் போனாள். கிளாரா வலை முடிந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மதினி. ஜங்லிகாட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் சொல்லலை?"

கிளாரா தலையைத் தூக்கினாள். "சொல்லியிருந்தா நீங்க ஒரு சனிக்கிழமகூடச் சிரிச்சிருக்க மாட்டீங்க. கண்ணாரப் பாத்தேன், மனசு வரல."

அடுத்த கப்பலில் போய்விடுவது என்று நீலாவதி முடிவு செய்தாள். குழந்தைவேலு தடுக்கவில்லை. கப்பலுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் மாஷி புறப்பட்டுப் போக, அவன் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். ஷெபாலிக்குத் தமிழ் தெரியாது. அது பிறந்து வளர்ந்த வீடு என்பதால் நேராகச் சமையல் சாய்ப்புக்குள் போய் "மா, மா" என்று தேடியது. அங்கே வேறொருத்தி நிற்பதைப் பார்த்து அலறியது. நீலாவதி சோறு போட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். தொடவில்லை. ராத்திரி குழந்தை அவனோடு படுத்தது, இவள் சாய்ப்பில் படுத்துக்கொண்டாள்.

கப்பலுக்கு நாலு நாள் இருக்கையில் வடக்கே ரங்கத் என்ற ஊரில் வேலை என்று குழந்தைவேலு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "வர ஒரு வாரம் ஆகும்" என்றான். "புள்ளை?" என்று கேட்டாள். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். எப்படியும் இவள் விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் போனான் என்று கிளாரா பிற்பாடு சொன்னாள். இருக்கலாம்.

அவன் போன மறுநாள் ஷெபாலிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பல் கிட்டிக்கொண்டு உடம்பு தூக்கிப் போட்டது. நீலாவதி தள்ளி நின்று பார்த்தாள். இதுவும் போய்விட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. அந்த நினைப்புக்காக அவள் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அடுத்த நிமிஷம் குழந்தையைச் சேலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஐந்து நாள் அங்கேயே தரையில் கிடந்தாள். நாலாம் நாள் காலையில் கப்பல் சங்கு ஊதியது. குழந்தை அவள் சேலை முந்தானையை முறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. 

இதை அவள் பெரிய மனசு என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆளில்லாமல் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த கப்பலும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. 

மறுவருஷம் மழை விட்டதும் குழந்தைவேலு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிவந்து அடுப்பின் முன் உட்கார்ந்தான். பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தான் போலும். 

"எந்திரிங்க. அடுப்புக்கிட்ட வராதீக" என்றாள் நீலாவதி. 

"சாயங்காலம் பஜாருக்கு..."

"புள்ளையக் கூட்டிட்டுப் போங்க. என்னைய இனிமே எங்கயும் கூப்பிடாதீக."

அவன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் போனான். பிறகு தனியாகப் போனான். பிறகு போன இடத்தில் குடித்துவிட்டு வர ஆரம்பித்தான். அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். ஒரே வீட்டில் ஆறு வருஷம் இப்படியே போயிற்று. அறுபத்தெட்டு மழைக்காலத்தில், கட்டட வேலையில் ஈரச் சாரத்தில் கால் வழுக்கி மூன்றாள் உயரத்திலிருந்து விழுந்து செத்தான். நீலாவதி அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதன்பின் இட்லி மாவாட்டிப் பிழைத்தாள். மற்ற நாளைவிட ஞாயிற்றுக்கிழமை இரண்டு பங்கு வேலை. ஆபீஸ் குடும்பங்கள், தனியாக இருக்கும் குமாஸ்தாக்கள் எல்லாரும் காலையில் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். ஊர் முழுக்கச் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று அவள் சனிக்கிழமை மாலை முழுவதும் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருப்பாள். ஷெபாலி மாவு தள்ளிவிடுவாள். இப்போது அவள் தமிழில்தான் பேசினாள், பரமக்குடித் தமிழ். "அம்மா, நீ எந்திரி, நான் ஆட்டுறேன்" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். ஊரில் தாயும் மகளும் என்றே சொன்னார்கள். நீலாவதியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அப்பன் போன மறு குளிர்காலம், ஒரு சனிக்கிழமை. வாசலில் கிளாரா வீட்டார் புதுத்துணி உடுத்திக் கடலோரத்துக்குக் கிளம்பினார்கள். 

"அம்மா, எல்லாரும் போறாக. நம்ம மட்டும் ஏன் போறதேயில்ல? நீ போனதே இல்லையா?"

பன்னிரண்டு வயதாகப் போகிறது, சொன்னால் புரியும் என்று நீலாவதிக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது வாய்வரை வந்துவிட்டது. ஏழு சனிக்கிழமை போனதைச் சொன்னாள். சினிமாவைச் சொன்னாள். ஒரே தட்டில் சாப்பிட்டதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. எதிரே இருந்த பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அப்புறம் ஏன் நின்னுபோச்சு?"

"டெய்ரி ஃபார்முக்குப் போனோம்" என்று ஆரம்பித்து நீலாவதி நிறுத்திவிட்டாள்.

ஷெபாலி மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "நான் வந்ததாலதான, அம்மா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். நீலாவதிக்கு அந்த ஒரு சொல் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழவி அரைச் சுற்று சுற்றுகிற நேரம்தான். "இல்லத்தா, உங்கப்பா செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஷெபாலி எழுந்து கையைக் கழுவப் போய்விட்டாள்.

சண்டை ஒன்றும் இல்லை. அந்தப் பெண் முன்னைவிட அதிகமாக உழைத்தாள். சொன்ன சொல் தட்டவில்லை. ஆனால் அன்றையிலிருந்து "நீ" போய் "நீங்க" வந்துவிட்டது. "நீங்க சாப்பிடுங்க, நீங்க படுங்க." மகள் மரியாதை தெரிந்தவள் என்று அக்கம்பக்கம் மெச்சியது. நீலாவதி இரண்டொரு தடவை, "என்னத்தா புதுசா நீங்க நாங்கன்னு" என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தாள். "பெரியவுகளை அப்படித்தான சொல்லணும்" என்று பதில் வந்தது.

எழுபத்தேழில் ஷெபாலிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இராமகிருஷ்ணன் தெற்கே வேறொரு தீவில், ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவன், தங்கமான பையன். துறையில் ஏற்றிவிடப் போனபோது ஷெபாலி காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "உங்களுக்குக் கடல் ஒத்துக்காது. சிரமப்பட்டு வர வேண்டாம்" என்றாள். அக்கறையில் சொன்னாளா, வேறு ஏதாவதா என்று நீலாவதி கேட்கவில்லை. "சரித்தா" என்றாள்.

அப்படியும் இரண்டு தடவை ஹட் பே போய்வந்தாள், இரண்டும் பேறுகாலத்துக்கு. மகள் நன்றாகத்தான் கவனித்தாள். நல்ல பாய் போட்டாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், எதற்கும் அவளை எழவிடவில்லை. வந்த விருந்தாளியை அப்படித்தான் கவனிப்பார்கள்.