மகாலா எதற்கு வருந்தினாள்

அமெரிக்காவின் இண்டியானாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரான நாங்கள் வழிபடக் கூடும் கூட்ட வீட்டின் பதிவறை அசெனத் பிக்கெட்டின் பொறுப்பு. பிடிவாதக்காரி. பூர்வீகம் தேடி வருகிறவர்கள் பழைய பதிவுகளின் அச்சடித்த சுருக்கக் குறிப்பைப் பார்த்துவிட்டு எழுந்தால் விடமாட்டாள். "மூணு எழுத்துக்குள்ள ஒரு மனுஷியை அடைக்காதே, உட்காரு" என்பாள். எனக்கே பலமுறை எரிச்சல் வந்திருக்கிறது.

லியோட்டா பீசன் வந்த அன்று நானும் அங்கிருந்தேன். அவள் டோமினிக் என்ற கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டவள். "தப்புன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள வா" என்றார் குவேக்கரான அவள் அப்பா. அவள் சொல்லவில்லை, அப்பா சாகும்வரை அந்த வாசலை மிதிக்கவுமில்லை. அவளுக்குத் தெம்பு கொடுத்தது கொள்ளுப்பாட்டி மகாலாவின் கதைதான். மகாலாவும் வெளியாளைக் கட்டியதற்காகக் கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டவள். புருஷனுக்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று வீட்டில் பேச்சு. டோமினிக் முந்தின மாதம்தான் இறந்திருந்தார்.

லியோட்டா அந்தச் சுருக்கக் குறிப்புப் புத்தகத்தை மேஜையில் போட்டாள். மகாலா பெயருக்கு நேரே 'எம்.ஓ.யு.', பிறகு 'டிஸ்'. வெளியே மணந்தாள், நீக்கப்பட்டாள். அதற்கும் கீழே 'கான்'.

"கான்னா, தன் தப்பைத் தானே கண்டிச்சு ஒத்துக்கிட்டான்னு அர்த்தமாமே?"

"ஆமா" என்றாள் அசெனத். அவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது.

"அப்ப அவ வருத்தப்பட்டிருக்கா. நான்தான் மடச்சி. அப்பாவை ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கலாம்." லியோட்டாவின் குரல் உடைந்துவிட்டது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"எதுக்கு வருத்தப்பட்டான்னு இதுல இல்லையே. இரு."

அசெனத் உள்ளே போய்ப் பெண்கள் கூட்டத்தின் பழைய கையெழுத்துக் குறிப்பேட்டை எடுத்து வந்தாள். மகாலாவைப் பார்த்துப் பேசிவர அனுப்பிய இரண்டு பெண்கள் அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். அசெனத் நிதானமாக வாசித்தாள்.

'கூட்டத்தாரிடம் சொல்லாமல் நீதிபதி முன்னால் போய் மணந்தது தவறு; அதற்கு வருந்துகிறேன். எலையஸை மணந்ததற்கு வருந்த என்னால் முடியாது. அதுவும் வேண்டுமென்றால் வெளியிலேயே இருந்துகொள்கிறேன்.'

"இதை நம்மாளுங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"ஒத்துக்கிட்டாங்க, திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. என்ன, மாசக்கணக்கா யோசிச்சாங்க. நம்மாளுங்களாச்சே!"

லியோட்டா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த ஞாயிறு அவள் கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்களுக்குப் போதகர் கிடையாது. மௌனமாக இருப்போம், மனம் உந்தினால் எழுந்து பேசுவோம். நடுவில் லியோட்டா எழுந்தாள்.

"டோமினிக்கைக் கட்டினதுக்கு நான் வருத்தப்படல. அப்பாவைப் பார்க்காம இருந்துட்டேனே, அதுக்குத்தான் வருத்தப்படறேன்."

பேசியவருக்குப் பதில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. நேரம் முடிந்ததும் மூத்தவர் பக்கத்திலிருப்பவரின் கையைக் குலுக்குவார், அதோடு கூட்டம் கலையும். அந்தப் பொறுப்பும் அசெனத்துடையதுதான். ஒரு நிமிடம்கூட முன்னதாக அவள் கூட்டத்தை முடித்து நான் பார்த்ததில்லை. அன்று பாதி நேரம்கூட ஆகவில்லை. முன்வரிசையிலிருந்து எழுந்து, எல்லா பெஞ்சையும் தாண்டிப் போய், லியோட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.