தண்ணீர் கேட்ட கல்

ஹாலோ பிளாக் ஏற்றிய லாரி தெருவில் வந்தால் இன்றைக்கும் நான் ஒதுங்கி நின்றுவிடுவேன். லாரிக்குப் பயப்படுகிறேன் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். எட்டு வயதில் எனக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு வழக்கு இருந்தது. அது இன்னும் தீரவில்லை.

அப்போது நாங்கள் தென்னூரில் இருந்தோம். யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். அத்தாவுக்குச் செங்கல் வியாபாரம். கொள்ளிடக் கரைச் சூளைகளில் கல் எடுத்துத் திருச்சி முழுக்க விற்பார். செங்கல் விலை என்பது மழையையும் விறகையும் பார்த்து ஏறுகிற, இறங்குகிற சமாச்சாரம். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் சூளை அணைந்துவிடும். வீட்டைப் பாதி கட்டிவிட்டு நிற்பவர்கள் எங்கள் கடை வாசலில் வந்து கெஞ்சுவார்கள். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து விறகு வண்டி வராத மாதங்களிலும் அப்படித்தான். கையில் சரக்கு இருந்தால் அத்தா அன்றைக்குச் சிரிப்பார். இல்லாவிட்டால் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

இந்த நிலைமையில்தான் மாமு பினாங்கிலிருந்து வந்து இறங்கினார். அம்மாவுக்கு ஒரே தம்பி. கப்பலில் வருகிற மற்றவர்கள் சென்ட்டும் பட்டுக் குடையும் கொண்டுவருவார்கள். இவர் ஓர் இரும்பு அச்சைக் கொண்டுவந்தார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மணலும் சின்ன ஜல்லியும் சிமெண்டும் கலந்து அதில் போட்டு இடித்துக் கவிழ்த்தால், ஏழெட்டுச் செங்கல் பருமனில் ஒரு சாம்பல் நிறக் கல் வரும். நடுவில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், கொட்டகை போட்டுக்கொண்டால் மழையிலும் செய்யலாம், காவிரி மணல் காலடியில் கிடக்கிறது, சிமெண்டு ரயிலில் வந்து இறங்குகிறது என்று மாமு அடுக்கிக்கொண்டே போவார். இன்னும் பத்து வருஷத்தில் இந்த ஊரில் செங்கல்லைச் சீந்த ஆள் இருக்காது என்று ஒருநாள் சொன்னார், செங்கல் வியாபாரி வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே. அத்தா மறுசோறு வாங்காமல் எழுந்துவிட்டார்.

அம்மா நடுவில் விழுந்து ஓர் ஏற்பாடு செய்தாள். ஸ்ரீரங்கத்தில் அத்தாவிடம் வெகுகாலமாகக் கல் வாங்குகிற ஐயங்கார் ஒருவர் மாட்டுக் கொட்டில் கட்டப்போகிறார். அதற்கு மாமுவின் கல்லைக் கொடுத்துப் பார்ப்பது. சரியாக வந்தால் மாமு இங்கேயே தங்கித் தொழில் நடத்தலாம். வராவிட்டால் மறுபடி கப்பல்தான். எனக்கு மலாய் பாஷையில் பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிக்கொடுத்தவர் மாமு. என் பேச்சை ஒரு பேச்சாக மதித்துக் கேட்ட ஒரே பெரிய மனிதரும் அவர்தான். அவர் போகக்கூடாது என்று தொழாத நேரத்தில்கூடத் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரை மாதம். பின்கட்டில் இரண்டு ஆள்கள் ஒரு வாரம் அச்சுப் போட்டுக் கல்லை வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார்கள். மாமு மேற்கொண்டு சிமெண்டு பேசி வாங்கப் பட்டணம் போகவேண்டியிருந்தது. அத்தா நாளெல்லாம் கடையில். என் தம்பி பிறந்து அம்மாவுக்கு நாற்பது நாள் கழியவில்லை, அறையை விட்டு வெளியே வரமாட்டாள். ஆகவே பூவாளியை மாமு என் கையில் கொடுத்தார். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் கல்லை நனைக்க வேண்டும், பத்து நாளைக்கு. கிணற்றடித் தொட்டியை வேலைக்கார அம்மா நிரப்பி வைப்பாள்.

"தண்ணி குடிச்சாத்தாம்மா கல்லு கெட்டியாகும். மறந்துடாதே," என்றார்.

முதல் நாள் ஊற்றினேன். வெயிலில் கிடந்த கல்லில் தண்ணீர் பட்டதும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. ஊற்றிய தண்ணீர் கண் முன்னாலேயே காணாமல் போயிற்று. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஊற்றினேன்.

மறுநாள் அத்தாவின் செங்கல் வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்கட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். சூளை நின்றுபோனால் அவர் வண்டியும் நின்றுபோகும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? செங்கல்லில் ஓட்டை உண்டா பாப்பா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இதில் மட்டும் ஏன் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கோ ஓர் ஊரில் ஆற்றுப் பாலம் இடிந்து இடிந்து விழ, கடைசியில் எதைப் பலி கொடுத்து நிறுத்தினார்கள் என்ற கதையைச் சொன்னார்.

"இது முதல்ல தண்ணி கேக்கும் பாப்பா. தண்ணி ருசி கண்டுடுச்சுன்னா அப்புறம் உசுரு கேக்கும். பச்சப்புள்ள இருக்குற வீடு, பாத்து இருந்துக்கங்க. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும். அவர் போன பிறகு நான் ஓர் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். தம்பியின் தலை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது. அறைக்குள் ஓடித் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்னடி என்று அம்மா கேட்டதற்குப் பல் வலி என்றேன். கிராம்பு கிடைத்தது.

அன்றிலிருந்து கல்லுக்கு நான் தண்ணீர் காட்டவில்லை. ருசியே காட்டாமல் விட்டால் அது தூங்கிவிடும் என்பது என் கணக்கு. ஆனால் தொட்டி நிறைந்திருந்தால் வேலைக்கார அம்மா போய்ச் சொல்லிவிடுவாளே. ஆகவே மூன்று வேளையும் பூவாளியில் மொண்டு மொண்டு முருங்கை மரத்தின் தூரில் ஊற்றினேன். அம்மாவின் சன்னலிலிருந்து தெரிகிற முன்வரிசைக் கல்லின் ஓரத்தில் மட்டும், தூர நின்று, கையால் கொஞ்சம் தெளிப்பேன். தெளித்துவிட்டு ஓட்டம். அந்தச் சித்திரையில் திருச்சியே காய்ந்து கிடந்தபோது எங்கள் முருங்கையில் மட்டும் பிஞ்செல்லாம் உதிராமல் நின்று காயாயிற்று. தினமும் முருங்கைக்காய்க் குழம்பு. அத்தாகூட நல்ல மரம் என்றார்.

பயம் மட்டும் குறையவில்லை. பூனை உறுமினால் கல்தான் கேட்கிறது என்று தோன்றும். தம்பி அழாமல் தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். பாதித் தூக்கத்தில் எழுந்து தொட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பேன்.

பத்து நாள் கழித்து மாமு வந்தார். வந்த அன்றே பாதிக் கல்லை வண்டியில் ஏற்றச் சொல்லி, அதே வண்டிக்காரரின் வண்டியில், என்னையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனார். அத்தா சைக்கிளில் பின்னால் வந்தார். வழி நெடுக மாமு பேசிக்கொண்டே இருந்தார். அடுத்து முக்கொம்புப் பக்கம் ஒரு வேலை இருக்கிறதாம், அதற்கடுத்து ரயில்வேக்காரர்கள் வீடு கட்டப் போகிறார்களாம். நான் திரும்பி ஓட்டைகளைப் பார்க்காமல் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு போனேன்.

இறக்கும்போதே முதல் கல்லின் மூலை பிட்டுக்கொண்டது. இரண்டாவது கல்லை ஐயங்கார் தாமே தூக்கப் போனார். அது அவர் கையிலேயே உதிர்ந்து வேஷ்டியெல்லாம் சாம்பலாயிற்று. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"பாய், பசு கட்டற இடம். இது அதும்மேல விழுந்துதுன்னா அந்தப் பாவத்தை யார் ஏத்துக்கறது?" என்று அத்தாவைப் பார்த்துக் கேட்டார்.

அத்தாவின் முகம் கறுத்துவிட்டது. மாமு மட்டும் குந்தி உட்கார்ந்து ஓட்டைக்குள் விரலை விட்டார். உள்ளே சுரண்டினார். விரல் நுனித் தூளை ஊதிப் பார்த்தார். பிறகு என்னை மெதுவாகக் கூப்பிட்டு, மூணு வேளையும் ஊத்தினியாம்மா என்று கேட்டார். வண்டிக்காரர் மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். கல்லுக்குக் கிட்டே போகாமலே, ஊற்றினேன் என்று தலையை ஆட்டினேன். மாமு விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

வீடு திரும்பியதும் அவர் நேரே பின்கட்டுக்குப் போனார். மீதிக் கல்லைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முருங்கை மரத்தடியில் போய் நின்றார். தூரில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சேறு. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தா வந்து, என்னய்யா ஆச்சு, ஊர் முழுக்கச் சிரிக்கப் போகிறதே என்று கத்தியபோதுதான் திரும்பினார்.

"கலவையில சிமெண்டை நான்தான் மச்சான் குறைச்சுட்டேன். மிச்சம் பிடிக்கலாம்னு பாத்தேன். என் தப்புதான்," என்றார்.

அத்தா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. கலப்படம் செய்கிறவன் என்ற பேச்சு வண்டிக்காரர் வாயிலாக ஒரே வாரத்தில் எல்லாச் சூளைக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் பக்கத்தில் யாரும் சிமெண்டுக் கல்லைத் தொடவில்லை. செங்கல் விலை பழையபடி மழையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. மாமு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். புறப்படுகிற அன்றைக்கு என் தலையில் கை வைத்து, "பயமா இருந்தா மாமுகிட்ட சொல்லணும் கண்ணு," என்றார். கப்பல் பயத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் கப்பலில் வரப்போவதில்லையே மாமு என்றேன். அவர் சிரித்தார்.

பிறகு யுத்தம் வந்தது. பினாங்கிலிருந்து கடிதம் நின்றது. யுத்தம் முடிந்தும் வரவில்லை. அம்மா சாகும்வரை தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்பாள்.

வெகுகாலத்துக்குப் பிறகு எங்கள் மதில் கட்ட வந்த கொத்தனார், பத்து நாள் தண்ணி காட்டாட்டி எவ்வளவு சிமெண்டு போட்டாலும் கல்லு பொடிஞ்சுதாம்மா போகும் என்று போகிற போக்கில் சொன்னார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது, நான் நகரவில்லை.

மாமு போன அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது உண்மைதான். ஆனால் தப்பு அவருடையது என்று அவரே சொல்லிவிட்டதால் மனம் லேசாகவும் இருந்தது. மீதிக் கல்லை அத்தா உடைத்துத் தெருப் பள்ளத்தில் கொட்டச் சொல்லியிருந்தார். தம்பி தொட்டிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தான். அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தக் கல்லுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.