மேலே வந்த ரப்பர்

என் வீட்டுக்காரர் காதுக்குள் எப்போதும் கறுப்பாக இருக்கும். பழைய டயரை அரைத்த தூள். கான்கிரீட் சோதனைக்கூடத்தில் கலவை போடுவது அவர் வேலை. மணலைக் கொஞ்சம் குறைத்து, அதற்குப் பதிலாக அந்த ரப்பர் தூளைச் சேர்ப்பார்கள். ரப்பர் லேசில் சிமெண்டோடு ஒட்டாது. அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து அலச வேண்டும். கண்ணுக்கே அகப்படாத நானோ சிலிக்காப் பொடியைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கலக்கி ஊற்ற வேண்டும். வீட்டில் ஒரு காபி கலக்கத் தெரியாது, அங்கே இந்தப் பக்குவம்! தலையணை உறையெல்லாம் கறுப்பு என்று நான் திட்டாத நாளில்லை.

அதற்கு முன் சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். முதுகு போனதால்தான் இங்கே மாற்றினார்கள். வேலையில் பிசகினால் மறுபடி மூட்டைக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்த வாரம், மனுஷன் பொட்டுத் தூக்கம் இல்லாமல் வேலைக்குப் போனார். கலவையை அச்சில் நிரப்பி, அதிரும் மேசையில் வைத்தார். காற்றுக் குமிழ் வெளியேறியதும் நிறுத்திவிட வேண்டும். இவர் நின்றபடியே கண் அசந்துவிட்டார். விழித்துப் பார்த்தால், எடை குறைந்த ரப்பரெல்லாம் மேலே வந்து மொய்த்திருந்தது. பதறிப்போய்ச் சிமெண்ட் பாலைப் பூசி மறைத்துவிட்டார்.

அச்சில் இறுகிய கான்கிரீட் கட்டிகள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. இவருக்குச் சோறு இறங்கவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"வாயைத் தொறக்காதீங்க. கட்டியா வந்து பேசப்போகுது?" என்றேன்.

"உடைச்சுப் பார்த்தா பலம் இருக்காது. கலவையே சரியில்லைன்னு எல்லாத்தையும் ஊத்தி மூடிடுவாங்க. தப்பு என் கையில, கலவையில இல்லையே."

"அப்போ உங்க முதுகு?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் இன்ஜினியரம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா திட்டவில்லையாம். புதிதாக வார்க்க வேறு ஆளைப் போட்டார்கள், இவரை மூட்டைக்கு அனுப்பினார்கள். சில நாள் நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

நேற்று சாயங்காலம் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார்.

"புதுசா வார்த்த கட்டி தேறிடுச்சாம். நடைபாதைக்கு அந்தக் கலவையத்தான் போடப்போறாங்களாம்" என்று சிரித்தார். முகம் கழுவக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

ஈரத்துணியால் அவர் காதைத் துடைத்துவிட்டேன். துணியில் சிமெண்ட் தூள்தான் வந்தது, கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாழாய்ப்போன தலையணை உறை கறுப்பாகவே கிடந்திருக்கலாம்.