பாய் காரில் படகு லீவர்

மீன் வலையில் காரைப் பிடித்த பெருமை எங்கள் பழவேற்காட்டுக்கு உண்டு. பிடித்துக் கொடுத்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். படகு எஞ்சின்தான் என் தொழில். இறால் வியாபாரி மஸ்தான் பாய், தன் தகப்பனாரின் பழைய சீமைக் காருக்கு டீசல் எஞ்சின் மாற்றச் சொன்னார். மாற்றினேன். நன்றாகவே ஓடியது. ஆனால் பாய்க்கு வலது முட்டி பழுது. ஆக்சிலேட்டரை மிதித்தபடி பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் கால் மரத்துவிடும்.

“மச்சான் ஓட்ட, நான் பின் சீட்டுல குந்திகினு போவணுமா? வாப்பா காருய்யா இது. எதனா பண்ணு மேஸ்திரி.”

பண்ணினேன். விசைப்படகில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவர் ஒன்றை டேஷ்போர்டில் பூட்டி, எஞ்சினுக்குக் கேபிள் இழுத்தேன். லீவரைத் தள்ளி, அதன் கொக்கியை ஒரு பல்லில் மாட்டி நிறுத்தினால், காலை எடுத்துவிட்டாலும் கார் அதே வேகத்தில் போகும். வெளிநாட்டுக் கார்களில் இதற்கு க்ரூஸ் கன்ட்ரோல் என்று பெயராம், பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நானே கண்டுபிடித்ததாக நினைத்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோட்டைக்குப்பம் திருப்பத்தில், சாலையோரம் வலை காய்ந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க பாய் பிரேக்கை மிதித்தார். லீவர் அதே பல்லில் நிற்க, எஞ்சின் தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு காலாலும் மிதித்தார். கையை நீட்டி லீவரைத் தள்ளியிருக்க வேண்டியவன் நான். “ரிவர்ஸ் போடுங்க பாய், ரிவர்ஸ்!” என்று கத்திக்கொண்டிருந்தேன். படகை அப்படித்தான் நிறுத்துவோம்.

கார் வலையைச் சுருட்டிக்கொண்டு மணலில் இறங்கி அணைந்தது.

வலைக்குச் சொந்தக்காரி தேசம்மா ஓடி வந்தாள். “ஏரில மீனு இல்லன்னு காரைக் கொணாந்து உடறீங்களா?” என்றவள், லீவரைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள். “ஓட்றதுக்கு இத்த வச்ச. நிறுத்தறதுக்கு இன்னா வச்ச?”

படகில் பிரேக் கிடையாது. பதினைந்து வருஷம் எஞ்சின் பார்த்த எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியதில்லை.

அன்று மாலையே பாயின் மச்சான் ஷெட்டுக்கு வந்துவிட்டார். “அத்தக் கழட்டிப் போடு. நாளைலேர்ந்து நான் ஓட்றேன்.” கூட வந்த பாய் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானரை நட்டில் மாட்டிவிட்டேன். திருப்ப மனசு வரவில்லை.

“ரெண்டு நாள் குடுங்க” என்றேன்.

லீவரின் கொக்கியையும் பிரேக் பெடலையும் இன்னொரு கேபிளால் இணைத்து, ஒரு ஸ்பிரிங் வைத்தேன். பிரேக்கைத் தொட்டாலே கொக்கி விலகி, லீவர் தானாக விழும்.

சோதனை அதே திருப்பத்தில். மச்சான் நம்ப வேண்டுமே என்று காருக்கு எதிரில் நானே நின்றேன். பின்னால் தேசம்மாவின் வலை.

“நல்லா அகலமா நில்லுய்யா. வலைல படக்கூடாது” என்றாள்.

பாய் லீவரை நிறுத்தி, காலை எடுத்துவிட்டு வந்தார். பிரேக்கை மிதித்தார். ‘டக்’ என்று லீவர் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. பம்பர் ஒரு முழம் தள்ளி நின்றது. என் கைலி ஆடியது காற்றினால்தான் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

லீவர் காரிலேயே இருந்தது. மெட்ராஸ் வரைக்கும் பாயே ஓட்டினார். மச்சான் பின் சீட்டில்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எதைப் பூட்டினாலும், அது எப்படி விடும் என்று முதலில் பாருங்கள். தேசம்மாவின் கேள்வியை அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலையிலும் நான் கேட்டுக்கொண்டேன். வேலை முடிந்ததும் வண்டிக்கு எதிரில் போய் நானே நிற்பேன்.

கொஞ்சம் ஓரமாக.