படித்துவிட்டுப் போட்ட கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. கொல்லங்கோட்டிலிருந்து காலை ஏழேகால் பஸ்ஸில் தினமும் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அரசு அலுவலகத்தில் கிளார்க். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வை ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் மட்டும் தவறாமல் போடுவேன். தேர்வு நாளன்று தலைவலி வந்துவிடும். தோற்றுவிடுவேனோ என்ற பயம்தான் அந்தத் தலைவலி. பஸ்ஸில் படிக்கலாமென்று பையில் புத்தகம் வைத்திருப்பேன். ஆனால் இறங்கும்வரை கையில் இருப்பது செல்போன்தான்.

என் பக்கத்தில் ஓர் அக்கா உட்காருவார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. மலையாளம் சரளமாகப் பேசுவார். படித்தது தமிழில், அதுவும் ஐந்தாவது வரை என்பதால் மலையாள எழுத்து மட்டும் தெரியாது.

ஒருநாள் முகம் வாடி வந்தார். அவர்கள் தெருக் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லை. பழுது பார்க்க வந்த கான்ட்ராக்டரின் ஆள் நீட்டிய மலையாளக் காகிதத்தில், தெரு மகளிர் குழுத் தலைவி என்ற முறையில் இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலை முடிந்தது, தண்ணீர் வருகிறது என்று அதில் எழுதியிருந்ததாம்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சுங்க அம்மிணி. நாளைக்குப் படிச்சுக்கலாம், நாளைக்குப் படிச்சுக்கலாம்னே இருவது வருசம் ஓட்டிட்டேன்" என்றார்.

மறுநாள் ஒரு நோட்டோடு வந்தார். தினம் ஐந்து எழுத்து என்று கணக்கு. பஸ் ஏறியதும் செல்போனை அணைத்துப் பைக்கு அடியில் போட்டுவிடுவார். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். பின்சீட்டுக் கல்லூரிப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தபோது அவருக்குக் காது சிவந்தது. எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒருமுறை ஓர் எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "ப" என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு தண்ணீர் லாரி எங்களைக் கடந்து போனது. அதன்மேல் இருந்ததை எழுத்துக்கூட்டி, "குடி... பெள்ளம்" என்று படித்தவர் யோசித்தார். மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதானே பெயர்.

"அது 'வ' தானுங்க அம்மிணி? ரெண்டு பக்கம் 'ப'ன்னு நெனச்சு எழுதிப்போட்டேன். போகட்டும், எழுத்து கைக்குப் பழகிருச்சு."

குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று நானும் போனை அணைத்தேன். அவர் நோட்டைத் திருத்தினேன். மிச்ச நேரத்தில் என் புத்தகத்தைத் திறந்தேன்.

ஆறு மாதம் கழித்து கிராம சபைக் கூட்டம். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். குழாய்க்கான மனுவை அவரே மலையாளத்தில் எழுதியிருந்தார். எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். கேட்டுக்கொள்கிறேன் என்பதற்கான 'அபேக்ஷிச்சுகொள்ளுன்னு' என்ற கடைசிச் சொல்லில் நாக்குச் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் உட்காரவில்லை. அந்தச் சொல்லை முதலெழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி முழுசாகப் படித்து முடித்தார்.

வேலை முடிந்ததாக முன்பு கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று பஞ்சாயத்து அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க. அது படிக்காமப் போட்டது. இது படிச்சுட்டுப் போட்டதுங்க."

அதிகாரி மனுவை வாங்கிப் பதிவு செய்துகொண்டார். அடுத்த மாதம் குழாய் மாற்றினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. அதற்கும் அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறார். நான் அந்த வருடமே தேர்வு எழுதினேன். ஒரு தாளில் தோற்று, மறுபடி எழுதித்தான் தேறினேன்.

பயம் முழுக்கப் போனபிறகு தொடங்கலாம் என்று இப்போதும் சில நாள் மனம் சொல்லும். அப்போதெல்லாம், அத்தனை பேர் நடுவில் ஒரு சொல்லைப் பாதியில் விட மறுத்து நின்ற அவரை நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.